காலித் தொட்டி

இரண்டு பீப்பாய்கள் உங்கள் முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 200 லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாய்கள். ஒன்றில் விளிம்பு வரை பெட்ரோல் நிரம்பியிருக்கிறது. மற்றொன்றில் இருந்த பெட்ரோலை நேற்றே கவிழ்த்துக் கொட்டியாயிற்று. இப்போது அதைத் தட்டினால் 'டங்' என்று வெற்றொலி கேட்கிறது. இவ்விரண்டில் ஒன்றன் பக்கத்தில் நின்று தீக்குச்சியைக் கிழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் எதன் பக்கத்தில் நிற்பீர்கள்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: "காலிப் பீப்பாய், சார்!" இதைவிடத் தவறான விடை இருக்கமுடியாது. இரண்டையுமே நெருங்கக்கூடாது என்பது வேறு விஷயம். ஆனால் நிரம்பிய பீப்பாய் தீப்பிடித்தால் அதன் வாயில் கொழுந்துவிட்டு எரியும். ஓடிப்போக நமக்குச் சில விநாடிகளாவது கிடைக்கும். காலிப் பீப்பாயோ வெடிக்கும். ஓட நேரம் தராது.

படகுகளில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. இயந்திரப் படகின் எரிபொருள் தொட்டி பெரும்பாலும் மேல்தளத்துக்கு அடியில், இயந்திரத்துக்குப் பக்கத்தில், படகு கட்டப்படும்போதே உள்ளே இறக்கப்பட்டுவிடுகிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து அதன் அடித்தகடு உப்புநீரால் அரித்து ஒழுக ஆரம்பிக்கும். அப்போது தளத்தைப் பெயர்க்காமல் அதை முழுசாக வெளியே எடுக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்கவேண்டும். எண்ணெயை வடித்தாகிவிட்டது, தொட்டி காலி. இனி எதைக் கொண்டு வெட்டுவது? நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் காசிமேட்டிலும் படகு பழுதுபார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். மூன்று லட்சம் டன் எண்ணெய்க் கப்பலை உடைக்கிறவர்களும் இதையேதான் சந்திக்கிறார்கள். இதற்கு விடை காண மனிதனுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாறு சுவையானது. சில இடங்களில் நெஞ்சை உலுக்குவதும்கூட.

முதலில் 'காலி' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். இச்சொல்லே ஆபத்தானது என்று சொன்னவர் விஞ்ஞானி அல்லர், மொழியியல் அறிஞர். பெஞ்சமின் லீ ஊர்ஃப் என்ற அமெரிக்கர் வேதிப்பொறியியல் படித்துவிட்டு, 1919 முதல் ஹார்ட்ஃபோர்டு நகரத் தீவிபத்துக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். தொழிற்சாலைகளில் தீ எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்வது அவர் பணி. அங்கே அவர் ஒரு விந்தையைக் கண்டார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்கள் அடுக்கிய இடத்தில் தொழிலாளர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்கள். 'காலிப் பீப்பாய்கள்' என்று பலகை மாட்டிய இடத்திலோ சிகரெட் பிடித்தார்கள், துண்டுகளை வீசி எறிந்தார்கள். பொருளில் இல்லாத பாதுகாப்பைச் சொல் தந்துவிட்டது. 1939-ல் எழுதி 1941-ல் வெளியான அவரது புகழ்பெற்ற கட்டுரையில் இந்த உதாரணம் இடம்பெற்றது. மொழி நம் சிந்தனையை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது என்பது பற்றி மொழியியலார் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு இடமில்லை. பீப்பாயைப் பொறுத்தமட்டில் ஊர்ஃப் சொன்னது சரி.

சரி, அந்தக் 'காலி'க்குள் உண்மையில் என்ன இருக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி கன அளவில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் அந்தக் கலவை தீப்பற்றும். 1.4-க்குக் கீழே எரிய ஆவி போதாது. 7.6-க்கு மேலே எரிக்க ஆக்சிஜன் போதாது. நிரம்பிய பீப்பாயின் மேல்வெளியில் ஆவி முப்பது சதவீதத்துக்கும் மேல் நிற்கும். ஆகவே அதற்குள்ளே தீ நுழைய முடியாது. 200 லிட்டர் காலிப் பீப்பாயில் 1.4 சதவீதம் என்பது 2.8 லிட்டர் ஆவி. இவ்வளவு ஆவிக்கு எத்தனை பெட்ரோல் வேண்டும்? சுமார் 11 கிராம். அதாவது 15 மில்லி லிட்டர். மருந்து ஊற்றும் சிறு கரண்டியால் மூன்று கரண்டி! கவிழ்த்துக் கொட்டிய பீப்பாயின் மூட்டிலும் மடிப்பிலும் துருவிலும் மூன்று கரண்டி பெட்ரோல் ஒட்டிக்கொண்டிருக்காது என்று யாரால் சொல்லமுடியும்?

இந்தக் கலவை சற்று வளமாக இருந்து பற்றிக்கொண்டால், மூடிய கலத்துக்குள் அழுத்தம் ஒரு கணத்தில் ஏறத்தாழ எட்டு மடங்காகும். வெப்பநிலை எட்டு மடங்காவதால் அழுத்தமும் எட்டு மடங்காகிறது. நீங்கள் படித்த வாயு விதிதான். பீப்பாய் மூடியின் பரப்பு சுமார் கால் சதுர மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டால், மூடியைத் தள்ளும் விசை 18 டன் எடைக்குச் சமம். உண்மையில் மூடி அதுவரை காத்திருக்காது. பாதி வழியிலேயே பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். வெட்டுகிறவர் குனிந்து நிற்பது பெரும்பாலும் அந்த மூடிக்கு நேராகத்தான்.

சுரங்கத்திலிருந்து வந்த பாடம்

'எரியும் எல்லைகள்' என்ற இந்தக் கருத்து எண்ணெயிலிருந்து வரவில்லை, நிலக்கரியிலிருந்து வந்தது. 1812 மே 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டனர். இதற்குப் பரிகாரம் காணும்படி சர் ஹம்ஃப்ரி டேவியைக் கேட்டுக்கொண்டார்கள். 1815-ல் அவர் சுரங்க வாயுவை, அதாவது மீத்தேனை, காற்றோடு பல விகிதங்களில் கலந்து பற்றவைத்துப் பார்த்தார். வாயு மிகக் குறைந்தாலும் வெடிப்பில்லை, மிக அதிகமானாலும் வெடிப்பில்லை, இடைப்பட்ட விகிதத்தில் மட்டுமே வெடிக்கிறது என்று கண்டார். கரியமில வாயுவையோ நைட்ரஜனையோ ஓரளவு சேர்த்தால், வெடிக்கவேண்டிய கலவையும் அடங்கிப்போகிறது என்பதையும் அப்போதே கண்டார். பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்தவர் என்றே டேவியை நாம் பள்ளியில் படிக்கிறோம். எண்ணெய்த் தொட்டிகளுக்கு அவர் விட்டுச்சென்றது அந்த விளக்கைக் காட்டிலும் இந்த இரண்டாவது உண்மைதான்.

1817-ல் மூன்றாவது ஒன்றையும் கண்டார். சூடான பிளாட்டினக் கம்பியை எரிவாயு கலந்த காற்றில் காட்டினால், சுவாலை ஏதுமில்லாமலே கம்பி செந்தணலாக ஒளிர்கிறது. கம்பியின் பரப்பில் வாயு ஓசையின்றி எரிகிறது. வினையூக்கம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இந்தக் கம்பி நூறு ஆண்டுகள் கழித்து மறுபடி நம் கதையில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லெ ஷாட்லியே என்ற பெயர் வேதியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. சமநிலைக் கொள்கைக்குச் சொந்தக்காரர். பிரெஞ்சுச் சுரங்கங்களின் வெடிவாயுவை ஆராய்ந்த அவர், பல வாயுக்கள் கலந்த கலவையின் எரியும் எல்லையைக் கணக்கிடும் விதியை 1891-ல் தந்தார். 1895-ல் அதே மனிதர் அசெட்டிலீனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்தால் 3000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சுவாலை கிடைக்கிறது என்று அறிவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் சுவாலைக்கு ஊதுகுழல் அமைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் 'காஸ் கட்டிங்' என்று சொல்லப்படும் கருவி அதன் வாரிசு. தொட்டி எப்போது வெடிக்கும் என்று கணக்கிட வழி சொன்னவரே, தொட்டியை வெடிக்கவைக்கும் கருவிக்கும் வித்திட்டார்!

காஸ் கட்டிங் இரும்பை உருக்கி வெட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சுவாலை இரும்பை ஏறத்தாழ 900 டிகிரி வரை சூடாக்குகிறது. பிறகு கைப்பிடியை அழுத்தினால் தூய ஆக்சிஜன் பீச்சி அடிக்கிறது. அதில் இரும்பு எரிகிறது. எரிந்த இரும்பு பொறிகளாகத் தகட்டின் மறுபக்கத்தில் கொட்டுகிறது. இப்போது தொட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சுவர் காய்கிறது, ஒட்டியிருந்த எண்ணெய் ஆவியாகிறது, பொறி கொட்டுகிறது, போதாததற்கு ஆக்சிஜனும் உள்ளே பாய்கிறது. வெடிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கருவி கொண்டுபோய்க் கொடுக்கிறது.

பார்க்கமுடியாததை அளந்தவர்

1920-கள் வரை எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் ஆவி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூக்கும், சுரங்க விளக்கின் சுவாலை நீள்கிறதா என்று பார்க்கும் கண்ணும்தான் துணை. மூக்கைப் போல் ஏமாற்றுக்காரன் வேறில்லை. சிறிது நேரத்தில் வாசனைக்குப் பழகி மரத்துவிடும். 1926, 27-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியில் பணியாற்றிய ஆலிவர் ஜான்சன் இதற்கு ஒரு கருவி செய்தார். அதில் டேவியின் பிளாட்டினக் கம்பிதான் உயிர்நாடி. தொட்டியிலிருந்து உறிஞ்சிய காற்றைச் சூடான பிளாட்டினக் கம்பியின்மேல் செலுத்துவார்கள். எரியும் ஆவி இருந்தால் கம்பியின் மேல் எரிந்து அதை இன்னும் சூடாக்கும். சூடானால் அதன் மின்தடை கூடும். கூடிய மின்தடையை வீட்ஸ்டன் சமனச் சுற்றில் வைத்து முள்ளின் அசைவாகக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்புச் சோதனைச்சாலையில் நீங்கள் நகரும் தொடுகோலோடு மல்லுக்கட்டும் அதே சுற்றுதான்! 1928-ல் ஜான்சன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பாலோ ஆல்டோ நகரில் இக்கருவிகளைச் செய்யத் தொடங்கினார்.

இக்கருவியை நம்புகிறவர்கள் அதன் இரண்டு குணங்களை அறிந்திருக்கவேண்டும். கம்பியின்மேல் ஆவி எரிய ஆக்சிஜன் தேவை. தொட்டியில் ஆக்சிஜன் இல்லையென்றால், எவ்வளவு ஆவி இருந்தாலும் முள் பேசாமல் கிடக்கும். ஆவி மிக மிக அதிகமாக இருந்தாலோ, முள் ஒருமுறை துள்ளி எழுந்து பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். துள்ளியதைக் கவனிக்காமல் பூஜ்யத்தை மட்டும் பார்த்தவர் "தொட்டி சுத்தம்" என்று எழுதிவிடுவார். ஆகவேதான் முதலில் ஆக்சிஜனை அளந்துவிட்டு, பிறகு ஆவியை அளக்கவேண்டும் என்ற விதி வந்தது. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் ஆவியை அளக்க, ஜப்பானியர் ஒளியின் குறுக்கீட்டைப் பயன்படுத்தும் கருவியை 1920-களிலேயே செய்தார்கள். ஆவியின் ஒளிவிலகல் எண் காற்றினுடையதிலிருந்து வேறுபடுவதால் குறுக்கீட்டு வரிகள் நகரும். அந்த நகர்வே அளவு. ஒளியியல் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடுகிற மாணவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அளப்பது ஒரு வழி. வெடிக்கமுடியாதபடி செய்துவிடுவது மற்றொரு வழி. கரியமில வாயுவும் நைட்ரஜனும் வெடிப்பை அடக்கும் என்று டேவி சொன்னாரல்லவா? ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 11-க்குக் கீழே இறங்கிவிட்டால் பெட்ரோலிய ஆவி எந்த விகிதத்தில் இருந்தாலும் பற்றாது. கப்பலில் இதற்கான வாயு வீணாகவே போய்க்கொண்டிருக்கிறது. கொதிகலனின் புகைபோக்கியில் வருவது ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துபோன காற்றுதானே! அதைக் கழுவி, குளிரவைத்துத் தொட்டிக்குள் செலுத்தினால் போதும். அமெரிக்காவின் சன் ஆயில் கம்பெனி 1930-களின் தொடக்கத்தில், தன் கப்பல் ஒன்று வெடித்த பின்பு, இதைச் செய்யத் தொடங்கியது. மற்றவர்கள் செலவைப் பார்த்துத் தயங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயங்கினார்கள்.

மருந்தே நஞ்சானது

1966 ஜூன் 16-ஆம் நாள். நியூயார்க் துறைமுகத்தின் குறுகிய நீர்வழியில் நாப்தா ஏற்றிவந்த 'ஆல்வா கேப்' என்ற பிரிட்டிஷ் கப்பலும் 'டெக்ஸாகோ மாசசூசெட்ஸ்' என்ற மற்றொரு எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. நாப்தா நீரில் பரவித் தீப்பற்றியதில் முப்பது பேருக்கு மேல் இறந்தனர். தீ அணைந்தபின் கருகிய ஆல்வா கேப்பை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய் நிறுத்தினார்கள். அதில் இன்னும் நாப்தா மிச்சமிருந்தது. அதை எடுக்குமுன் தொட்டிகளைப் பாதுகாப்பாக்க எண்ணி, உருளைகளிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். புத்தகப்படி சரியான செயல். ஜூன் 28-ஆம் நாள் அந்தப் பணி நடந்துகொண்டிருந்தபோதே கப்பல் வெடித்தது. மேலும் நால்வர் மாண்டனர். இறுதியில் அதை நடுக்கடலுக்கு இழுத்துச் சென்று பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தார்கள்.

நெருப்பை அணைக்கும் வாயு நெருப்பை மூட்டியது எப்படி? உருளையில் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. குழல் முனையில் அது திடீரென விரிவடையும்போது கடுங்குளிரில் ஒரு பகுதி பனித்தூளாக உறைகிறது. அந்தத் தூள் குழலின் சுவரில் உராய்ந்து மின்னேற்றம் பெற்றுப் பாய்கிறது. சீப்பைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுப்பீர்களே, அதே நிலைமின்சாரம். 1954-லேயே ஜெர்மனியின் பிட்பர்க் விமானதளத்தில் விமான எரிபொருள் தொட்டி ஒன்றில் கரியமில வாயுத் தீயணைப்பு அமைப்பைச் செயல்படுத்திக் காட்டியபோது, தொட்டி வெடித்து அங்கே கூடிநின்ற பலர் மாண்டிருந்தார்கள். அந்தப் பாடம் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்துசேரவில்லை.

பெட்ரோலிய ஆவிக் கலவையைப் பற்றவைக்க எவ்வளவு பெரிய பொறி தேவை? ஒரு மில்லிஜூலில் நான்கில் ஒரு பங்கு போதும். 5 கிராம் எடையுள்ள நாணயம் 5 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றல் அவ்வளவுதான். வறண்ட நாளில் நைலான் சட்டையோடு நடந்துவந்து கதவுப்பிடியைத் தொடும்போது 'சுரீர்' என்கிறதே, அதில் இதைப்போல் பல மடங்கு ஆற்றல் உண்டு.

வாயு மட்டுமல்ல, நீராவியும் நீரும்கூட இப்படி மின்னேற்றம் பெறும். 1840-ல் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே கொதிகலனிலிருந்து சீறிய நீராவியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் அடைப்பிதழைத் தொடப்போன தொழிலாளி மின்னதிர்ச்சி பெற்றார். ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் இதைக் கேள்விப்பட்டு, நீராவியைக் கொண்டே நீளமான பொறிகளைத் தரும் இயந்திரம் செய்தார். 1892-ல் லெனார்டு அருவிகளின் அடியில் தெறிக்கும் நீர்த்துளிகள் மின்னேற்றம் பெறுவதை ஆராய்ந்து எழுதினார். இவை யாவும் இயற்பியல் நூல்களில் வேடிக்கைச் செய்திகளாக உறங்கிக்கொண்டிருந்தன. 1969 டிசம்பரில் விழித்துக்கொண்டன.

அந்த ஒரே மாதத்தில் சுமார் இரண்டு லட்சம் டன் கொள்ளளவுள்ள மூன்று புத்தம்புதிய ராட்சதக் கப்பல்களில் வெடிப்பு நேர்ந்தது. 'மார்பெஸா' ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே வெடித்து மூழ்கியது. அது அதன் முதல் பயணம். அதுவரை உலகில் மூழ்கிய கப்பல்களிலெல்லாம் பெரியது அதுதான். மாதக் கடைசியில் மொசாம்பிக் கால்வாயில் 'மாக்ட்ரா', அடுத்த நாளே மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் 'காங் ஹாக்கன் 7'. மூன்றும் எண்ணெயை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியவை. மூன்றிலும் அப்போது நடந்துகொண்டிருந்த வேலையும் ஒன்றே: தொட்டிகளை உயர் அழுத்த நீர்ப்பீச்சால் கழுவுவது.

யாரும் சிகரெட் பிடிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி ஆராய்ந்தார்கள். பீச்சிய நீர் சுவரில் மோதிச் சிதறி, ஒரு பெரிய மண்டபம் போன்ற அத்தொட்டிக்குள் மின்னேற்றம் பெற்ற மூடுபனியாக நின்றது. அதன் நடுவே பீச்சிலிருந்து பிரிந்த நீர்க்கட்டிகள், காற்றில் தனித்து விழும் மின்கடத்திகளாக, மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு ஏதோ ஒரு இரும்பு முனையை நெருங்கியபோது பொறி பறந்திருக்கவேண்டும். தொட்டிக்குள் ஒரு குட்டி மேகம், குட்டி மின்னல் என்று சொல்லலாம். சிறிய தொட்டிகளில் இத்தனை பெரிய மேகம் உருவாக இடமில்லை. கப்பல் பெருத்ததும் இயற்பியல் தன் வேலையைக் காட்டிவிட்டது.

தயக்கம் அதற்குப் பிறகுதான் தீர்ந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் 1974-லும், அதன் 1978-ஆம் ஆண்டு இணைப்பிலும் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு மந்தவாயு அமைப்பைக் கட்டாயமாக்கியது. தொட்டிக்குள் ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 20,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இருந்த இவ்விதி, 2016 முதல் கட்டப்படும் 8,000 டன் கப்பல்களுக்கும் வந்துவிட்டது.

ஆனால் இந்தக் காவலெல்லாம் கப்பல் ஓடும்வரைதான். கிழவனாகிப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டுக் கரையேறியதும், கொதிகலன் அணைந்துவிடும், மந்தவாயுவும் நின்றுவிடும். தொட்டியின் அடியில் கசடு மட்டும் கிடக்கும். 2016 நவம்பர் 1-ஆம் நாள் பாகிஸ்தானின் கடானி கடற்கரையில் 'ஏசஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலை உடைத்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த வெடிப்பில் குறைந்தது 26 தொழிலாளர்கள் மாண்டனர். தீ நாட்கணக்கில் எரிந்தது. இரண்டே மாதங்கள் கழித்து, 2017 ஜனவரியில், அதே கரையில் மற்றொரு கப்பலில் தீப்பிடித்து ஐவர் இறந்தனர். நம் நாட்டில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் 1983 முதல் கப்பல் உடைக்கிறார்கள். அங்கே எண்ணெய்க் கப்பலில் வெட்டுச் சுவாலையைத் தொடுமுன் 'ஆவியற்றது, வெப்பவேலைக்கு ஏற்றது' என்ற சான்றிதழ் தேவை. அமெரிக்கத் துறைமுகங்களில் 1920-களில் இத்தகைய சான்று தருவதற்கென்றே கப்பல் வேதியியலார் என்ற தனித் தொழில் பிறந்தது. அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் ஓர் ஆளை நியமிப்பதற்கே பல கப்பல்கள் வெடிக்கவேண்டியிருந்தது.

டீசல் என்ற மயக்கம்

இப்போது சின்னப் படகுக்கு வருவோம். "எங்கள் படகில் டீசல்தானே, பெட்ரோல் இல்லையே" என்பது வழக்கமான பதில். டீசல் சாதாரண வெப்பநிலையில் எரியுமளவு ஆவியாவதில்லை என்பது உண்மையே. ஆனால் அது பற்றும் வெப்பநிலைக்கு இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் படகின் தளத்துக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள்! அதையும் விடுங்கள், வெட்டுச் சுவாலை தகட்டை 900 டிகிரிக்குக் காய்ச்சுகிறது. துருவின் பொருக்குக்குப் பின்னாலும் மூட்டின் இடுக்கிலும் இருக்கும் டீசல் அந்தச் சூட்டில் புகையாகக் கிளம்பும். 250 டிகிரியளவு காய்ந்த இரும்பே அதைப் பற்றவைக்கப் போதும், பொறியும் வேண்டாம். வெட்ட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதி அடையும்போதுதான் தொட்டிக்குள் கலவை தயாராகிறது. தொடங்குமுன் அளந்த அளவு இங்கே செல்லாது என்பதைக் கவனியுங்கள். வெட்டும்போதும் அளக்கவேண்டும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் அளக்கவேண்டும்.

படகுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் வைத்த பீப்பாயிலிருந்து வழிந்தால் பரவிக் கலைந்துவிடும். படகோ ஒரு கிண்ணம். ஆவி அடிவயிற்றில் இறங்கி, தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். தொட்டியை எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், அடிவயிற்றைக் காற்றோட்டம் செய்யாவிட்டால் ஆபத்து தொட்டிக்கு வெளியே காத்திருக்கும். அதற்கு வைக்கும் மின்விசிறியும் பொறி உண்டாக்காத வகையாக இருக்கவேண்டும்.

ஆகவே படகுத் தொட்டிக்கு முதல் விதி, நெருப்பில்லாமல் வெட்டுவது. எண்ணெயை முழுக்க வடித்து, இயந்திரத்துக்குப் போகும் குழாய்களைக் கழற்றி, மேலுள்ள மூடியைத் திறந்து, சவர்க்காரம் கலந்த வெந்நீரால் கழுவவேண்டும். நீராவியால் கழுவினால், ஆர்ம்ஸ்ட்ராங்கை நினைத்துக்கொண்டு, குழலின் முனையைத் தொட்டியோடு கம்பியால் இணைத்துவிடவேண்டும். படகு ஆடும்போது எண்ணெய் அலையாதிருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். கசடு ஒளிவது அவற்றின் பின்னால்தான். பிறகு காற்றழுத்தத்தால் இயங்கும் ரம்பம் அல்லது தகடு கடித்து வெட்டும் கருவியை எண்ணெயோ நீரோ சொட்டவிட்டு மெதுவாக ஓட்டலாம். கை ரம்பமும் தகடு வெட்டும் கத்திரியும் நேரம் பிடிக்கும், ஆனால் குற்றமில்லை. சக்கரக் கிரைண்டர் இந்த வகையில் சேராது. அது வீசும் பொறிமழை, காஸ் கட்டிங்குக்கு அண்ணன் தம்பி.

நெருப்பைக் கொண்டே ஆகவேண்டிய இடத்தில், கழுவிய தொட்டிக்குள் திண்ம கரியமில வாயுவை, அதாவது உலர் பனிக்கட்டியைத் துண்டுகளாக இடுகிறார்கள். ஒரு கிலோ கட்டி 550 லிட்டர் வாயுவாக மாறும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் அடியிலிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். பீச்சுவதில்லை, தானாக ஆவியாகிறது. ஆகவே ஆல்வா கேப்பைக் கொன்ற மின்னேற்றம் இங்கே இல்லை. மேல் திறப்பை அடைத்துவிட்டால் வாயு வெளியேற வழியின்றித் தொட்டியே பிளந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் தொட்டிக்குள்ளும், பக்கத்திலுள்ள பள்ளமான அறைக்குள்ளும் தலையை நீட்டக்கூடாது. அங்கே மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லை. வாயு நிறைந்துவிட்டதா என்பதை ஆக்சிஜன் அளவியே சொல்லவேண்டும், நம் ஊகம் அல்ல.

எல்லாவற்றிலும் பழையதும் மலிவானதுமான வழி தண்ணீர். வெடிப்பின் ஆற்றல் கலவையின் கன அளவைப் பொறுத்தது. 200 லிட்டர் பீப்பாயில் 195 லிட்டர் தண்ணீரை நிரப்பிவிட்டால், வெடிக்கக்கூடியது நாற்பதில் ஒரு பங்கே. வெட்டும் இடம் மேலே வரும்படி நிறுத்தி, அந்த இடத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே வரை நிரப்பவேண்டும். மேலேயுள்ள ஒரு துளையைக் கட்டாயம் திறந்து வைக்கவேண்டும். படகுத் தொட்டியானால் ஒவ்வொரு தடுப்பறையிலும் நீர் ஏறி, காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு அறையில் காற்று சிக்கிக்கொண்டால் அந்த ஒன்று போதும். மேல் வரிசை வெட்டி முடிந்ததும் நீரை அடுத்த வெட்டுக் கோட்டுக்குக் கீழே இறக்கி, மறுபடி அளந்து, அடுத்த வரிசைக்குப் போகலாம்.